பதினேழு பேர் பார்த்த வீடு

காலை பத்து மணி.

புரோக்கர் மூன்றாவது தடவையாகக் காலிங்பெல்லை அழுத்தினார்.

உள்ளே மணி ஒலித்து ஓய்ந்தது. காலடிச் சத்தம் இல்லை.

"ஐயா... நான்தான். பத்து மணிக்கு வரச் சொன்னீங்களே..."

கதவில் காதை வைத்துப் பார்த்தார்.

இந்த வீட்டில் பெல்லிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்துவிடும். ஏழு மாதமாக அப்படித்தான். கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எப்போது யார் வருவார்கள் என்று உட்கார்ந்திருப்பார் பெரியவர்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்காகத் தன்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்தார். ஒரு சுற்று சுற்றினார்.

திறக்கவில்லை.

இன்னொரு சுற்று.

திறந்தது.

மாடிப்படியின் அடியில் பெரியவர் கிடந்தார். கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு செருப்பு காலில். இன்னொன்று நான்காவது படியில்.

புரோக்கர் பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்தார்.

போலீஸுக்கு ஃபோன் செய்தார்.

*

"நேத்து மத்தியானம் ஒரு மணியிலேர்ந்து மூணு மணிக்குள்ள," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. "கழுத்து எலும்பு. விழுந்த உடனே முடிஞ்சிருக்கும்."

"தவறி விழுந்திருக்காரா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தாண்டிய பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, அதை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ரகம்.

"விழுந்தார். அது என்னால சொல்ல முடியும். தவறினாரான்னு நீங்கதான் சொல்லணும்."

உடலை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார் புரோக்கர். குடிக்கவில்லை. பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

"பெரியவரைப் பத்திச் சொல்லுங்க."

"தபால்காரர் மேடம். ரிட்டயர் ஆயிட்டார். முப்பத்தாறு வருஷம் இந்தப் பக்கத்துல இருக்கிற அத்தனை வீட்டுக் கதவையும் தட்டினவர். சம்சாரம் போய் நாலு வருஷம். அதுக்கப்புறம் இவர் கதவைத் தட்டத்தான் ஆள் இல்லாமப் போச்சு. ஒரே பொண்ணு. பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன் வேலை. தினம் மத்தியானம் சாப்பாடு கொண்டு வரும், வைக்கும், ஓடும்."

"வீட்டை விக்கறது யார் யோசனை?"

"பொண்ணோடதுதான். இதை வித்துட்டு, தன் வீட்டுக்குப் பக்கத்துலேயே மாடிப்படி இல்லாத சின்ன ஃப்ளாட்டா வாங்கி அப்பாவைக் குடி வைக்கணும்னு. பாவம், அதுக்கும் ரெண்டு பசங்க, படுத்த படுக்கையா மாமியார்... எத்தனை இடத்துக்குத்தான் ஓடும்?"

"அப்புறம் ஏன் ஏழு மாசமா விக்கல?"

புரோக்கர் மடை திறந்தார்.

"எப்படி மேடம் விக்கும்? வீடு விக்கறவங்க எதெல்லாம் பண்ணக் கூடாதோ ஒண்ணு விடாமப் பண்ணினார். அக்கம்பக்கத்துல போற விலையைவிட ஒன்றரை மடங்கு சொன்னார். குறைங்கய்யான்னா, 'இருக்கட்டும்ப்பா, பாக்க வர்றவங்க பாக்கட்டுமே'ம்பார். பார்ட்டி வர்ற நேரத்துல வெளியில ஒரு நடை போயிட்டு வாங்கன்னேன். வீட்டுக்காரர் பக்கத்துலேயே நின்னா வாங்க வந்தவன் மனசு விட்டுப் பேச மாட்டான். இவரோ டீ போட்டு, பிஸ்கட் வச்சு, ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுக் கதை பேசுவார்."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். கல்யாணப் போட்டோ. குழந்தை போட்டோ. சைக்கிளோடு காக்கிச் சட்டையில் ஓர் இளைஞன். இடம் விடாமல் போட்டோக்கள்.

"அதையும் எடுத்து உள்ள வைங்கன்னேன் மேடம். வர்றவன் இங்க தன் குடும்பத்தைக் கற்பனை பண்ணிப் பாக்கணும்னு சொன்னேன். 'என் குடும்பத்தைப் பாத்துக்கிட்டே பண்ணட்டும்'னார்."

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"பதினேழு பார்ட்டி. எல்லாருகிட்டயும் மாடி ரூம் சுவர்ல ஈரம் கசிஞ்சு ஓதம் இருக்குன்னு தானே போய்ச் சொல்லுவார். போன மாசம் பொண்ணு கோபத்துல அது மேல பெயிண்ட் அடிச்சிடுச்சு. மறைக்காதம்மா, ஒண்ணு சரி பண்ணு, இல்ல விலையில கழிச்சுக் குடு, முதல் மழைக்கே வாங்கினவன் வந்து சட்டையைப் பிடிப்பான்னேன். கேக்கலை."

"நேத்து மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. பன்னெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும். வேற பார்ட்டி வேலையா. அங்க யாரை வேணா கேளுங்க."

"இன்னிக்குப் பத்து மணிக்கு எதுக்கு வரச் சொன்னார்?"

அதுவரை நிற்காமல் ஓடிய வாய் நின்றது.

"அது... சும்மாதான் மேடம்."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். சும்மா என்ற வார்த்தையை அவர் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறார். சும்மாவுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது இருக்கும்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

*

மகளுக்கு நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி யூனிஃபார்ம். தோளில் பை.

ஓடி வந்தவள் ஹாலின் நடுவில் நின்றாள். சுற்றிலும் போலீஸ்காரர்கள். அப்பா இல்லை. அவள் கண்கள் நேராக மாடிப்படிக்குப் போயின. அங்கேயே நின்றன.

"அந்தப் படியில ஏறாதீங்க, ஏறாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்ப்பா..."

அப்படியே தரையில் சரிந்தாள்.

பொய் அழுகை இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். இது பொய் அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நேத்து சாப்பாடு கொண்டு வரலையாம்மா?"

"நேத்து... நேத்து ஆஸ்பத்திரியில கூட்டம் மேடம். வர முடியலை."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஃபோன்ல என்ன சொன்னீங்க?"

"அப்பா இறந்துட்டார், உடனே வாங்கன்னு மட்டும்தான் மேடம்."

"எப்படின்னு?"

"சொல்லலை."

"படியில விழுந்தார்னு?"

"சத்தியமா சொல்லலை மேடம்."

*

மாடியில் ஒரே அறை. காலியாக இருந்தது. புரோக்கரும் கூடவே ஏறி வந்தார்.

ஜன்னலுக்குக் கீழே புதுப் பெயிண்ட். அதில் உள்ளங்கை அகலத்துக்கு யாரோ சுரண்டியிருந்தார்கள். உள்ளே கறுத்த ஓதம் தெரிந்தது. பெயிண்ட் செதில்கள் தரையில் கிடந்தன.

பக்கத்தில் ஒரு கைத்தடி சுவரில் சாய்ந்து நின்றது.

"இது யாருது?"

"பெரியவரோடது மேடம். ஆனா... இது எப்படி இங்க வந்துச்சு? முட்டி போனதுலேர்ந்து ஒரு வருஷமா அவர் மாடிக்கு வந்ததே இல்லை. பார்ட்டியை நான்தான் மேல கூட்டிட்டு வருவேன்."

"கைத்தடி மேல இருக்கு. ஆள் கீழ கிடந்தார். அப்படின்னா இறங்கறப்ப வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இறங்கியிருக்கார்."

"எதை மேடம்?"

"எதைன்னு கேக்காதீங்க. யாரைன்னு கேளுங்க."

புரோக்கர் குனிந்து தரையில் கிடந்த செதில்களைப் பார்த்தார்.

"கதவு உள்ள தாழ் போடலை, வெளியிலேர்ந்து ரெண்டு சுத்து பூட்டியிருந்தது. அவர் சாவி உள்ள ஆணியில தொங்குது. மத்த சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. அப்புறம்..."

அவர் கண்கள் மாடிப்படிப் பக்கம் போயின.

"உங்க ஃபோனைக் காட்டுங்க."

காட்டினார். இன்ஸ்பெக்டர் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"நேத்து ஒண்ணு பத்துக்குப் பொண்ணுகிட்டேர்ந்து கால். ரெண்டு நிமிஷம். என்ன பேசினீங்க?"

"நாளைக்குப் பேசலாம்னு சொல்லி வச்சுட்டேன்."

"அதைச் சொல்ல ரெண்டு நிமிஷமா?"

புரோக்கரின் கண்கள் கலங்கின. ஃபோனைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

மகள் சமையலறையில் இருந்தாள். கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் குழாயை மூடினார்.

"நேத்து மத்தியானம் நீங்க வந்தீங்க."

கேள்வியாகக் கேட்கவில்லை. சொன்னார்.

மகள் ஈரக் கையோடு நின்றாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்பாட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பற நேரத்துல ஒரு ஃபோன் வந்தது மேடம். நான் குடுத்த விளம்பரத்தைப் பாத்துட்டு முந்தாநாள் வந்தவங்க. 'எங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, லோனுக்குக்கூடச் சொல்லிட்டோம், ஆனா உங்கப்பாவே வேற வீடு பாருங்கன்னு அனுப்பிட்டார்'னாங்க. எனக்குத் தலையில ரத்தம் ஏறிடுச்சு. புரோக்கர் அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். அவரும் பிடி குடுத்துப் பேசலை. நேரா இங்க வந்தேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"கதவைத் திறந்ததும் சிரிச்சார். 'உக்காரு பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னார். 'நீங்க ஊருக்கெல்லாம் சொன்னது போதும், எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்'னேன். ஓதத்தைத்தான் மறைச்சாச்சே, இனிமே எதைக் காட்டி வர்றவங்களை விரட்டுவீங்க, வந்து காட்டுங்கன்னு மேல கூட்டிட்டுப் போனேன். ஒரு கையில தடி, ஒரு கை என் தோள்ல. ஒவ்வொரு படியா ஏறினார். தடியை வச்சுட்டு நகத்தால சுவரைச் சுரண்டினார். 'மறைச்சாப் போயிடுமா பாப்பா'ன்னு கேட்டார்."

"இறங்கறப்ப?"

மகள் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினார். ஏன்ப்பா இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். 'யாராவது வந்துட்டுப் போனா மனசுக்கு நல்லா இருந்துச்சு பாப்பா, அதான் இத்தனை நாளா'ன்னார். யாராவது... தினம் நான் வர்றேனே மேடம். மழை, வெயில், காய்ச்சல் பாக்காம வர்றேனே. நான் யாருமே இல்லையா?"

இன்ஸ்பெக்டர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தோளை உதறினேன். அவ்வளவுதான். தள்ளலை மேடம். உதறினேன்."

வெளியே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்திருந்தேன். ரெண்டு மணிக்கு ஒருத்தருக்குப் பல் எடுக்கற அப்பாயின்ட்மென்ட்... கதவைப் பூட்டிக்கிட்டுப் போயிட்டேன். கேரியரைத் திறக்கவே இல்லை. சாயந்திரம் வரைக்கும் ஃபோன் எடுத்து எல்லாருக்கும் நேரம் குடுத்துக்கிட்டிருந்தேன்."

"ஏம்மா, யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"வீடு பாக்க யாராவது வருவாங்க இல்ல மேடம்... அவங்க பாக்கட்டும்னு இருந்துட்டேன்."

*

பெண் கான்ஸ்டபிள் மகளை ஜீப்பில் ஏற்றினார். தோளில் பை அப்படியே இருந்தது. இறக்கி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

புரோக்கர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பவாவது சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பத்து மணிக்கு எதுக்கு வரச் சொன்னார்?"

புரோக்கர் ஜீப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பினார். கக்கத்தில் இடுக்கியிருந்த ஃபைலைத் திறந்து நீட்டினார்.

விற்பனை ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் பெரியவரின் கையெழுத்து. தேதி... நேற்று.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்துக் காலையில போட்டார் மேடம். ஒரு பஸ் டிரைவர். மூணு பசங்க. போன வாரம் குடும்பத்தோட வந்தாங்க. அடுத்த நாளே பெரியவர் என்னைக் கூப்பிட்டு, நீ சொன்ன விலைக்கே விட்டுடு, ஓதத்துக்கும் கழிச்சுக்கோன்னார். டிரைவருக்கு வாக்குக் குடுத்துட்டார். அதனாலதான் முந்தாநாள் வந்தவங்களை வேற வீடு பாருங்கன்னு அனுப்பினார். இன்னிக்கு மூலப்பத்திரத்தை வாங்கிக்கத்தான் என்னை வரச் சொன்னார்."

"ஏழு மாசமா விக்க மனசில்லாதவர் திடீர்னு எப்படி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அன்னிக்கு டிரைவர் வீட்டு ஆளுங்களோட ஹால்ல கதை பேசிக்கிட்டிருந்தேன். தண்ணி எடுக்க உள்ள போனா, பாப்பா சமையல்கட்டுத் தரையில உக்காந்தபடியே தூங்கிட்டா. தோள்ல பையைக்கூட இறக்கலை. எனக்கு வெக்கமாயிடுச்சுப்பா'ன்னார்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட நேத்தே சொல்லியிருக்கலாமே? ஃபோன் பண்ணினாங்க இல்ல?"

"பாப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன், அது மூஞ்சியை நான் பாக்கணும், நீ மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார் மேடம். ரெண்டு நிமிஷமும் அந்தப் பொண்ணு அழுதுச்சு. 'எங்கப்பா விக்க விடவே மாட்டார்ண்ணே'ன்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிச்சுக்கிட்டேன்."

"அவங்களுக்கு இது தெரிஞ்சுதான் ஆகணும். நாம சொல்லாட்டியும் கோர்ட்ல சொல்லுவாங்க."

"தெரியும் மேடம்."

ஜீப் கிளம்பியது. தெரு முனை திரும்பும் வரை புரோக்கர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வாயை வச்சுத்தான் மேடம் பிழைக்கறேன்," என்றார். "ஒரே ஒரு நாள் மூடி வச்சேன்... ஒரு உயிர் போயிடுச்சு."