பிளீச்சிங் வாளியில் கபாப் கம்பிகள்

"இன்னைக்குச் சாயங்காலம் எங்க கடை திறப்பு!"

காலையிலிருந்து நிதா பார்ப்பவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பால்காரரிடம் சொன்னாள். எதிர்வீட்டுப் பூனையிடம்கூடச் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பது? அவளுடைய அத்தா நஜீமுதீன் வேலம்பாளையத்தில் சொந்தமாகக் கபாப் கடை போடப் போகிறாரே! கரி அடுப்பு வந்துவிட்டது. கோழி மசாலாவில் ஊறுகிறது. எவர்சில்வர் கம்பிகள், இடுக்கி எல்லாம் புத்தம் புதுசு.

திடீரென்று வீட்டின் பின்பக்கமிருந்து அத்தாவின் குரல் கேட்டது.

"அடப் பாவி! ஏமாத்திப்போட்டானே!"

நிதா ஓடினாள். அத்தாவுக்கு முன்னால் ஒரு வாளி இருந்தது. அதிலிருந்த கம்பிகளில் பழுப்புப் புள்ளிகள். துரு!

"எவர்சில்வர் எங்கயாச்சும் துருப் புடிக்குமா கண்ணு? இரும்பை மினுக்கி வித்துப்போட்டான். இதுல சுட்டுக் குடுத்தா யாரு திம்பாங்க? கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் பழைய சலவைப் பட்டறை வேலைக்கே போறேன்."

நிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்பி விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போக அத்தா வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

சட்டென்று நிதாவுக்கு ஒன்று நினைவு வந்தது. தோழி கிருத்திகாவிடம் காட்டுவதற்காக நேற்றே ஒரு கம்பியை எடுத்து வைத்திருந்தாள். ஓடிப்போய் அதைக் கொண்டுவந்தாள். பளபளவென்று மின்னியது.

"அத்தா, நில்லுங்க! இதுவும் அதே கடைக் கம்பிதானுங்க. இதுல மட்டும் ஏன் துரு இல்லே? வாளியில என்ன ஊத்துனீங்க?"

"பிளீச்சிங்தான். ராத்திரி பூரா ஊற வெச்சேன். புதுச் சாமான், சுத்தமா இருக்கோணுமில்ல?"

அப்படிப் போடு! அத்தா சலவைப் பட்டறையில் வருஷக் கணக்காகப் பனியன் துணி வெளுத்தவர். பிளீச்சிங்கில் போட்டால் எதுவும் பளிச்சென்று ஆகிவிடும் என்பது அவர் நினைப்பு.

"கம்பி என்ன பனியனுங்களா, வெளுக்கறதுக்கு?" என்றாள் நிதா.

அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். அத்தா முறைத்தார். நிதாவின் கம்பியையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை வைத்துவிட்டார்.

"அப்ப பிளீச்சிங்தான் எவர்சில்வரைத் துருப் புடிக்க வெச்சிருக்குது. நல்லவேளை, அந்த மனுசன்கிட்டச் சண்டைக்குப் போகலே. சரி, இரும்பு நாரை எடு. தேச்சுப்போடலாம்!"

"ஐயோ, வேண்டாங்க! அதுல தேச்சுத்தான் என் டிபன் பாக்ஸ் பூராக் கீறலாச்சு. அப்புறம் கீறல்லயே துரு வந்துச்சு."

அம்மா டீக்கறையைப் போக்கச் சமையல் சோடா போடுவதை நிதா பார்த்திருக்கிறாள். அதைத் தண்ணீரில் குழைத்தாள். பனியன் வேஸ்ட் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தாள். ஒரு புள்ளி மங்கியது. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

"போயிருச்சு! அத்தா, போயிருச்சு!"

அவ்வளவுதான், மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தேய்த்த கம்பிகளை நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் இல்லாமல் துடைத்து, துளிக் கடலை எண்ணெய் தடவி வைத்தார்கள்.

சாயங்காலம் பனியன் கம்பெனி விட்டதும் கூட்டம் திரண்டு வந்தது. பக்கத்துத் தெரு சாரதாமணி அக்கா இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"ஏனுங்க, நாளைக்கும் கடை உண்டுங்களா?"

அத்தா நிதாவைப் பார்த்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"உண்டுங்க! நாளைக்கும் உண்டு, நாளானைக்கும் உண்டு!"