எட்டுச் சுற்று

காலை 7.30. கம்ப்ரசர் நின்றது. அந்த அமைதியில்தான் ஆலையின் நான்காம் டிரம்முக்குள் ஏதோ சீறுவது கேட்டது. வெல்டர் பெண் ஓடிப்போய் வால்வுச் சக்கரத்தை இடப்பக்கமாக எட்டுச் சுற்றுச் சுற்றினாள். சீறல் அடங்கியது. டிரம்மின் வாயில் 'உள்ளே ஆள்' பலகை தொங்கியது. உள்ளே அவளுடைய அப்பா, கையில் ஸ்பானரோடு குப்புறக் கிடந்தார். வால்வு வழியாக உள்ளே வந்தது நைட்ரஜன். அதற்கு மணம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் உயிரை எடுத்துவிடும்.

அவர் அங்கே மூத்த ஃபிட்டர். பட்டப்பெயர் 'சரித்திரம்'. கலவை இயந்திர ஆலை, உலர்த்தி ஆலை, பம்ப் ஆலை மூன்றும் ஒரே கம்பெனியான கதையை வெள்ளி விழா மலருக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகையை ஒன்றாக்க ஒரு நாள் போதும். கைகளை ஒன்றாக்குவது அவ்வளவு சுலபமா என்ன?

9.10. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது மேனேஜர் அறிக்கையை டைப் அடித்தே வைத்திருந்தார். 'பழக்கதோஷத்தால் வால்வைத் தவறான பக்கம் திருப்பியதே மரணத்துக்குக் காரணம்' என்று கடைசி வரி. அதற்கு மேலே, 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் இறந்தவர் பெயர்.

"என்ன பழக்கம்?"

"அவர் கலவை ஆலைக்காரர் மேடம். அங்க வால்வை இடப்பக்கம் திருப்பி மூடுவாங்க. உலர்த்தி ஆலையில நாங்க வலப்பக்கம். இணைஞ்சப்புறம் எல்லாத்தையும் வலப்பக்கமா மாத்தியாச்சு. ஆனா தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!"

"நீங்க பாத்தீங்களா?"

"6.40க்கு அந்தப் பக்கம் போனேன். பலகை தொங்குச்சு. எதுக்கும் பாப்போமேன்னு சக்கரத்தைத் தொட்டா, லூசா சுத்துது. எட்டுச் சுற்று! தொறந்து போட்டுட்டு உள்ள போயிருக்கார். நான்தான் இறுக்கி மூடினேன். அதுக்குள்ள வாயு நெறைஞ்சிருக்கும்."

"அவரைக் கூப்பிடலையா?"

"டிரம்மைத் தட்டினேன். உள்ளேயிருந்து ரெண்டு தட்டு வந்துச்சு. சரி, நல்லாத்தான் இருக்கார்னு போயிட்டேன்."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடவில்லை.

9.40. உடைமாற்றும் அறையில் மகள் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வரியை மட்டும் எடுத்திருங்க மேடம். அப்பாவுக்கு வால்வு மூடத் தெரியலைன்னு பதிவாயிட்டா, நான் எந்த முகத்தோட இந்த கேட்டுக்குள்ள வருவேன்?"

அவள் அப்பாவின் நோட்டை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

10.05. நான்காம் டிரம். உடலை எடுத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கம்ப்ரசரை ஓடவிடவில்லை.

"காலையில இறுக்கின மாதிரியே இப்பவும் இறுக்குங்க சார்."

மேனேஜர் அலட்சியமாகச் சக்கரத்தைப் பிடித்தார். கை தானாக வலப்பக்கம் போனது. ஒன்று, இரண்டு, மூன்று… எட்டாவது சுற்றில் சக்கரம் நின்றது.

டிரம் சீறியது.

மேனேஜரின் கை சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. மகள்தான் முன்னே வந்து, அவர் கையை விலக்கி, இடப்பக்கம் திருப்பி மூடினாள்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்துப் படித்தார்: "'நான்காம் டிரம் எங்கள் கலவை ஆலையிலிருந்து கடைசியாக வந்தது. அதன் வால்வு இன்னும் இடப்பக்கம்தான் மூடுகிறது. மேனேஜரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். ஆனால் பட்டியலில் மாற்றியாயிற்று என்று அவர் கையெழுத்து இருக்கிறது.'"

"அவர் மூடிட்டுத்தான் உள்ள போனார் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க தட்டினப்ப உயிரோட இருந்தார், பதிலுக்குத் தட்டினார். நீங்க அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் தொறந்துவிட்டிருந்தீங்க. கம்ப்ரசர் சத்தத்துல சீறல் கேக்கல."

மேனேஜர் தரையில் உட்கார்ந்தார். "நான் நல்லதுக்குத்தானே…" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் அறிக்கையை அவர் மடியில் வைத்தார்.

"கடைசி வரியில தப்பே இல்ல. பேரை மட்டும் மாத்திக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."