சாயாத தரை

செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. சர்வேயர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அளவைக் கருவியில் கண் வைத்தாள். தூரத்துக் கம்பம் நேராக நின்றது. "பதினாலு டிகிரி," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கி நிமிர்ந்தாள். மேடு முழுவதும் இடது பக்கமாகச் சரிந்தது. கை எதையோ தேடி முக்காலியைப் பற்றியது. அவள் விழுந்தாள். அவளோடு முக்காலியும் அதன் தலையில் இருந்த கருவியும் விழுந்தன.

கல்லில் மோதிய கருவி இரண்டாகப் பிளந்தது.

"மேடம், அசையாதீங்க," என்று ஓடிவந்தார் சங்கிலி. இருபது வருடம் நிலம் அளக்கும் சங்கிலியைச் சுமந்தவர். சங்கிலி வழக்கொழிந்து போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"நான் அசையல. நிலம்தான் அசையுது," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கருப்பை நீக்க அறுவை சிகிச்சை முடிந்து அன்று நாற்பத்தோராம் நாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளும் அதுதான்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரியிடமிருந்து போன் வந்தது. "கருவி உடைஞ்சதுக்கு வெள்ளிக்கிழமை விசாரணை வெச்சிருக்கேன். உங்க டாக்டர் சர்டிபிகேட்ல 'மனப்பதற்றம்'னு இருக்கும்மா. பேசாம உள்ள உக்காந்து மேசை வேலை பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இருபத்திரண்டு வருடம் காடு மேடெல்லாம் நடந்தவள் அவள். போனை வைத்த பிறகும் அந்த ஒரு சொல் காதில் குளவி போல் சுற்றியது. மனப்பதற்றம். பத்து நாள் முன்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். நின்றாள். ரத்தம் சரியாக இருந்தது, காதும் சரியாக இருந்தது. "உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்," என்று முதுகில் தட்டி அனுப்பினார். அன்று வராத கோபமும் சேர்ந்து இன்று வந்தது.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். வெளியூரில் தையல் கடை வைத்திருப்பவள். தங்கையைப் பார்த்துக்கொள்ள வந்தபோது, பாதித் தைத்த துணிகளையும் கைமெஷினையும் கூடவே கொண்டுவந்திருந்தாள்.

"சொன்னேனா? எட்டு வாரம்னு டாக்டர் சொன்னா எட்டு வாரம்தான். யாரு கேக்கறா என் பேச்ச?"

"அக்கா, இப்ப வேண்டாம்."

கணவர் கேமரா ரிப்பேர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தார். "போனா போகுது, உள்ள வேலைதான பாரேன்," என்றார்.

"நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

புதன்கிழமை காலை ஒன்பதேகால். சர்வேயர் கட்டிலில் உட்கார்ந்து தன் களப் புத்தகத்தைப் பிரித்தாள். எதையும் எழுதிவைக்கும் தொழில். தலைச்சுற்றலையும் எழுதி வைத்திருந்தாள். முதல் பத்து நாள் எழுந்தால் கண் இருட்டியது. ரத்தம் போன உடம்பு, அது நியாயம். பன்னிரண்டாம் நாள், 'சுற்றல் இல்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்' என்று எழுதியிருந்தாள். அதை அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உரக்கவும் சொன்னாள். பதிமூன்றாம் நாள் மாலை நான்கு பத்துக்குத் தூங்கி எழுந்தபோது தரை சரிந்திருந்தது. இது வேறு மாதிரிச் சுற்றல். அறையே ஒரு பக்கம் சாய்ந்த சுற்றல். பதினாறாம் நாள் வாந்தி. பிறகு ஒரு நாள் குறைவு, ஒரு நாள் அதிகம். கொஞ்சம் பழகும், திடீரென்று மறுபடி மாறும்.

அவள் பரணிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி நட்ட நடுவில் நின்றது. ஆனால் அவள் கண்ணுக்குத் தரை கதவுப் பக்கமாக இறங்கியது.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது," என்று முணுமுணுத்தாள். ரசமட்டம் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

எப்போதெல்லாம் சுற்றவில்லை என்று தேடினாள். குளிக்கும்போது சுற்றவில்லை. டாக்டர் முன்னால் நின்றபோது சுற்றவில்லை. நேற்று கருவியில் கண் வைத்திருந்தபோதும் இல்லை. அவள் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தரை மங்கலானது, ஆனால் சாயவில்லை. மாட்டினாள். சாய்ந்தது.

பத்து மணிக்கு அவள் கண்ணாடிக் கடையில் இருந்தாள். கடைக்காரர் பழைய சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு லென்ஸை ஒரு கருவியில் பொருத்திப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது.

"பவர் சரிதான். ஆனா உங்க லென்ஸுக்கு ஒரு திசை இருக்கு. அந்தக் கோணத்துலதான் நிக்கணும். வலது லென்ஸ் இருபது டிகிரில நிக்கணும், நாற்பத்தஞ்சுல நிக்குது. இடது அதுக்கு எதிர்ப்பக்கமா திரும்பியிருக்கு. உங்களுது வட்ட ஃபிரேம். திரும்பினா வெளிய தெரியாது."

"தானா திரும்புமா?"

"லூசானா ஒண்ணு திரும்பலாம். இது ரெண்டும் கெட்டியா இருக்கு. ஸ்க்ரூவ யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. பாருங்க, எத்தனை கீறல். ஒரு தடவை இல்ல, பல தடவை."

"இப்படியே போட்டா தலை சுத்துமா?"

"சுத்தாம இருந்தாத்தான் ஆச்சரியம்."

"சரி பண்ணாதீங்க. அப்புறம் மறுபடி கொண்டுவரேன்," என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மங்கலான தெருவில் சுவரைப் பிடித்தபடி நேராக நடந்தாள்.

பதினொன்றரைக்கு கணவரின் கடை. மேசை நிறைய ஊசி மாதிரி ஸ்க்ரூ டிரைவர்கள். அவள் கண்ணாடியை அவர் முன் வைத்தாள்.

"இந்த ஸ்க்ரூவப் பாருங்க."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். "எந்த மடையன் கை வெச்சான்? அகலமான டிரைவர வெச்சுத் திருகியிருக்கான். பள்ளமே உடைஞ்சிருக்கு."

"வீட்ல உங்க டிரைவர் எதாவது இருக்கா?"

"வீட்ல எதுக்கு? எல்லாம் இங்கதான். ஏன்?"

"பதிமூணாம் நாள் மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன், இங்கதான். ஏழு மணிக்குத்தான் வந்தேன். என்னையா சந்தேகப்படற?"

"இதுவரைக்கும் எல்லாரும் என்னைத்தான சந்தேகப்பட்டீங்க," என்றாள் அவள்.

அன்று மாலை மூன்று மணிக்கு சங்கிலியை ஆபீஸ் வாசலில் பிடித்தாள்.

"நான் படுத்திருந்தப்ப ஒரு தடவை வீட்டுக்கு வந்தீங்கல்ல?"

"வந்தேன் மேடம். நாலு வாரம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை, மூணு மணி. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

நாளை எண்ணிப் பார்த்தாள். பதிமூன்றாம் நாள்.

"ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"வந்து வரைபடக் கட்ட உங்க தலைமாட்டு மேசைல விரிச்சு வெச்சேன். பெரிய படம், மேசை பூரா அடைச்சுக்கிச்சு."

"மேசைல இருந்த கண்ணாடிய எங்க நகத்தி வெச்சீங்க?"

"கண்ணாடியா? மேசை காலியா இருந்துச்சு மேடம். ஒரு டம்ளர்கூட இல்ல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அளக்கற வேலைல இருக்கேன். காலி மேசையும் நிறைஞ்ச மேசையும் தெரியாதா?"

வியாழன் மாலை ஏழு மணி. சாப்பாட்டு மேசையில் கணவர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். சர்வேயர் நடுவில் கண்ணாடியை வைத்தாள்.

"எனக்கு மனப்பதற்றம் இல்ல. இந்த லென்ஸ யாரோ திருப்பி வெச்சிருக்காங்க. நான் முழிச்சிருந்தா கண்ணாடி என் மூக்குல இருக்கும். ராத்திரி தலகாணிக்கடியில இருக்கும். மத்தியானம் தூங்கறப்ப மட்டும்தான் மேசைல இருக்கும். பதிமூணாம் நாள் சங்கிலி வந்தப்ப மேசைல அது இல்ல. நான் எழுந்தப்ப இருந்துச்சு, படத்துக்கு மேல. அப்ப நடுவுல யார் கையில இருந்துச்சு? இவர் கடையில இருந்தார். இவரா இருந்தா ஸ்க்ரூவுல கீறல் விழாது, முப்பது வருஷக் கை. இது தையல் மெஷினோட வந்த டிரைவர். வீட்ல இருந்தது நீ ஒருத்திதான் அக்கா."

அக்கா மறுக்கவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா ஆபரேஷன் முடிஞ்சு பத்தாம் நாள் எழுந்து வேலை பாத்தா. உள்தையல் விட்டுப் போச்சு. உனக்கு அப்ப ரெண்டு வயசு, எனக்குப் பன்னெண்டு. நான்தான் ரத்தத்தத் தொடச்சேன். நீ ரெண்டே வாரத்துல மலை ஏறப் போறேன்னு சொன்னே. சொன்னா கேக்கற ஆளா நீ? கடையில ஒரு கஸ்டமரு சொல்லிட்டிருந்தா, லென்ஸ் திரும்பி ஒரு மாசம் தலை சுத்திச்சுன்னு. கொஞ்ச நாள் படுக்க வெச்சா போதும்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் திருப்பித் திருப்பி மாத்தினே?"

"நீ வாந்தி எடுத்தப்ப பயந்துட்டேன். பழையபடி வெச்சிரலாம்னு பாத்தேன். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியல. ஒவ்வொரு மத்தியானமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் சரியா வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் கணவர். "ரெண்டு நிமிஷ வேலை."

"வாய் வரல தம்பி."

சர்வேயர் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, அதனாலேயே அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பயமா இருந்தா என்கூட சண்டை போட்டிருக்கணும். கதவப் பூட்டிச் சாவியத் தூக்கி எறிஞ்சிருக்கணும். நீ என் கண்ணத் திருப்பி வெச்சுட்டு, பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினே. நாலு வாரம் அக்கா. டாக்டர் சொன்னதவிட, எனக்கே எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நான் நம்ப ஆரம்பிச்சேன் பாரு, அத என்னால மன்னிக்க முடியல."

"மன்னிக்க வேண்டாம்டி."

"மன்னிக்கல. நாளைக்கு என்கூட ஆபீஸுக்கு வா. அங்க எல்லார் முன்னாடியும் இதச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அக்கா சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அதிகாரி, "இதெல்லாம் குடும்ப விஷயமாச்சேம்மா," என்று கோப்பை மூடப் பார்த்தார். சர்வேயர் கோப்பின் மேல் கையை வைத்தாள். "மனப்பதற்றம்னு எழுதினப்ப மட்டும் அது ஆபீஸ் விஷயமா இருந்துச்சா சார்?" அந்தச் சொல் சிவப்பு மையில் அடிக்கப்பட்டது. களப் பணி அவளுக்கே என்று கீழே எழுதி அவர் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடிக் கடையில் இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது தெரு சாயாமல் தெருவாக இருந்தது. மதியம் அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். தங்கை வழியனுப்பப் போகவில்லை.

டாக்டர் சொன்ன எட்டு வாரம் முடிய இன்னும் பத்து நாள் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "உங்க அக்கா, நீ எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"படுத்துத்தான் இருக்கேன்னு சொல்லுங்க. எட்டு வாரம் முடியறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லுங்க. கோபமாத்தான் படுத்திருக்கேன், அதையும் சொல்லுங்க."