யாரும் கூப்பிடாத டெஸ்ட்

ஸ்கேன் மையத்து நர்ஸ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், இன்னொருத்தரோட ஸ்கேன் படமும் காணோம். நான்தான் அழிச்சேங்கிறார் மேனேஜர். சாயங்காலத்துக்குள்ள யாருன்னு காட்டலைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமாம்."

கணினிக் கோளாறுகளைத் துப்பறியும் அந்த மனிதரை எல்லோரும் ஆமை என்பார்கள். அவருடைய உதவியாளனுக்கு அவசரம் என்று பெயர்.

"ஜோர், நல்ல கேஸ்," என்று நாற்காலியை இழுத்துப் போட்ட அவசரம், நர்ஸின் கண்களைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், அவளுக்கு உயிர் போகிற நேரம்.

மையத்துக் கணினியில் தினமும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளை வரிசை, படங்களைச் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும். நகல் போய்ச் சேர்ந்திருந்தால் மட்டுமே மூலப் படத்தை அழிக்கும்.

"போன மாசம் இந்தத் தம்பி வந்து நெட்வொர்க்கைச் சரிபண்ணிட்டுப் போனதிலேர்ந்து நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளா மறுபடியும் படுத்துக்கிச்சு," என்றாள் நர்ஸ்.

"அப்ப நகல் போயிருக்காது. மூலம் அழிஞ்சிருக்கவும் கூடாது," என்றார் ஆமை.

"மேனேஜரே அழிச்சிட்டுப் பழியைத் தூக்கி அக்கா மேல போடறார், சார்," என்றான் அவசரம்.

"கொஞ்சம் சும்மா இரு."

ஆமை தன் மேசையிலிருந்தே மையத்துக் கணினிக்குள் நுழைந்து ஸ்கிரிப்டைப் பிரதியெடுத்தார். அழிக்கும் வரியை முடக்கிவிட்டு, எந்த ஃபங்ஷனுக்குள், அதாவது பெயர் வைத்த குட்டிக் கட்டளைத் தொகுப்புக்குள், எப்போது நுழைகிறது என்று தடம் காட்டும்படி ஓட்டினார். திரையில் வரிகள் நிதானமாக இறங்கின.

"நகல் எடுக்கப் போச்சு, தோத்துடுச்சு. அடுத்து 'டெஸ்ட்'. ஃபைல் இருக்கான்னு பாக்கிற கட்டளை, கட்டளைகளை ஓட்டற ஷெல்லோட சொந்தச் சரக்கு. ஆனா இங்க ஒரு ஃபங்ஷன் திறக்குது பாருங்க. அதே பேர்ல யாரோ எழுதி வெச்சிருக்காங்க. ஷெல் சொந்தச் சரக்கை விட்டுட்டு இதைத்தான் கூப்பிடும். இது ஃபைலைத் தேடறதே இல்ல. எதைக் கேட்டாலும் 'சரி'ன்னு தலையாட்டுது. நெட்வொர்க் ஒழுங்கா இருந்தவரைக்கும் அந்தப் பொய் தெரியல."

"எங்கேர்ந்து வருது, சார்?" அவசரத்தின் குரல் இறங்கியிருந்தது.

"எல்லா ஸ்கிரிப்டும் முதல்ல படிக்கிற பொது ஃபைல்லேர்ந்து."

போன மாதம் நெட்வொர்க்கைச் சோதிக்க அவசரமே விளையாட்டாக எழுதியது அது. கிளம்பும் அவசரத்தில் அழிக்க மறந்துவிட்டான்.

அந்த ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு வரி. யார் கண்ணிலும் படாதபடி ஒரு வார்த்தையை எழுதிவிட்டு முடிந்துவிடுகிறது. தடத்தில் மட்டும் அது மறையவில்லை. நர்ஸ் குனிந்து வாசித்தாள்.

"ஜோர்."

அவள் மெல்ல அவசரத்தின் பக்கம் திரும்பினாள். ஆமை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"மேனேஜர் நம்பர் குடுங்க, அக்கா."

மறுமுனையில் எடுத்ததும் அவசரம் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினான். "சார், அழிச்சது யாருன்னு கேட்டீங்களாமே. நான்தான்."