கறுப்புக் கண்ணாடியும் கடிபட்ட சூரியனும்

"ஆ!" என்று மாமா தோளைத் தட்டிக்கொண்டார். "மொட்டை மாடியிலகூட எறும்பா! இதுங்களுக்கு யாரு கிரகணம் பாக்கச் சொல்லி அனுப்பினது?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். துருவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எறும்பைத் தேடினாள். மாமாவின் தோளில் எறும்பு எதுவும் இல்லை. சட்டையில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளிதான் இருந்தது.

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்ததே மாமாதான். எதையும் துருவித் துருவிக் கேட்டு, எதிரில் இருப்பவரை ஒரு வழி பண்ணிவிடுவாள். தொலைநோக்கி வாங்கப் போன அன்றும் அப்படித்தான் நடந்தது. 'ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றைப் பார்த்து மாமா வாயைப் பிளந்தார். துருவி அதன் காலை லேசாகத் தட்டிப் பார்த்தாள். குழாய் கிடுகிடுவென்று ஆடியது.

"மாமா, நிலாவைப் பெருசாக் காட்டும்னா, இந்த ஆட்டத்தையும் பெருசாத்தானே காட்டும்?"

கடைக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. கடைசியில், பெட்டியில் பீற்றிக்கொள்ளாத, ஆனால் கால்கள் அசையாமல் நின்ற ஒரு தொலைநோக்கியை வாங்கி வந்தார்கள். அதில் நிலாவின் பள்ளங்களை முதன்முதலாகப் பார்த்த அன்று துருவிக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

அதே பெட்டிக்குள் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. சூரியனைப் பார்ப்பதற்காம். கண் வைக்கும் முனையில் திருகி மாட்ட வேண்டுமாம். இலவசம் என்றதும் மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. சின்னச் சின்ன எழுத்துகள் அச்சடித்த ஓர் அட்டை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட, தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்த அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்.

இன்று மாலை கிரகணம். தெருப் பிள்ளைகள் மொத்தமும் மாடியில்தான். துருவியின் தம்பி சுண்டு வரிசையில் முதல் ஆள். முதல் ஆளாக நிற்பதற்காக மத்தியானத்திலிருந்தே அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"யாரும் சூரியனை நேராப் பாக்கக் கூடாது. பாத்தீங்க, கீழ அனுப்பிடுவேன்!" என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டிவிட்டு, அவரும் நிமிர்ந்து பார்க்காமல், தரையில் விழும் குழாயின் நிழலை மட்டும் பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்பினார். நீளமாகக் கிடந்த நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமானது. குழாய் சூரியனுக்கு நேராக வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் எறும்பு கடித்தது.

துருவி தொலைநோக்கியைப் பார்த்தாள். பெரிய குழாயின் முதுகில் ஒரு குட்டிக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலாவைத் தேடிப் பிடிக்க உதவும் குழாய் அது. அதன் பின்முனையிலிருந்து வெளிச்சம் மெல்லிய கோடாக வந்து, மாமாவின் தோள் இருந்த இடத்தில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. துருவி அங்கே விரலை நீட்டினாள். சுரீர் என்றது.

விரல் தடிமன்கூட இல்லாத குட்டிக் குழாயே சட்டையைப் பொசுக்குகிறதே! அப்படியென்றால் பெரிய குழாய் எவ்வளவு வெயிலை அள்ளிக்கொண்டு வரும்? அத்தனையும் எங்கே போய்ச் சேரும்? அந்தப் பொத்தான் கண்ணாடியில். அதை ஒட்டி, சுண்டுவின் கண் இருக்கும்.

"மாமா..."

"இரும்மா. முதல்ல சுண்டு. வாடா ராஜா, குனி."

சுண்டு ஓடி வந்து குனிந்தான்.

துருவிக்கு யோசிக்க நேரமில்லை. தரையில் கிடந்த பெரிய மூடியை எடுத்து, குழாயின் முன்வாயில் டப்பென்று மாட்டினாள்.

"ஒண்ணுமே தெரியல மாமா!" என்று சுண்டு கத்தினான்.

"ஏய் துருவி! என்ன பண்ற?"

"கிரகணம் ஆரம்பிச்சிருக்கும்! மூடியை எடு!" என்று பின்னாலிருந்து நெட்டைப் பையன் கத்தினான். "நீ முதல்ல பாக்கணும்னுதானே இப்படிப் பண்ற?"

துருவிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மாமா தன் சேமிப்பிலிருந்து ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி இது. இத்தனை பேர் முன்னால் 'உங்க கண்ணாடி சரியில்ல மாமா' என்று எப்படிச் சொல்வது? அதுவும் மாமாவிடம்! தான் நினைத்தது தப்பாக இருந்தால் கிரகணமும் போய்விடும், தெருவே ஆயுசுக்கும் கேலி செய்யும். ஆனால் சரியாக இருந்தால்?

அவள் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாமா, சுண்டுக்கு முன்னாடி உங்க அட்டை பாக்கட்டும்" என்றாள்.

"எது?"

"உங்க பையில இருக்கிற அட்டை. கண்ணு வைக்கிற இடத்துல அதை வைப்போம். அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, சுண்டு பாக்கட்டும்."

"அட்டைக்கு என்ன கண்ணா இருக்கு?" என்றார் மாமா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எத்தனை வருஷமா கண்ணாடி விக்கிறேன், தெரியுமில்ல? கறுப்புக் கண்ணாடின்னா கண்ணுக்குப் பக்கத்துலதான் போடணும்."

"தெரியும் மாமா. ஆனா உங்களைக் கடிச்சது எறும்பு இல்ல. தோளைப் பாருங்க."

மாமா தோளைத் திருப்பிப் பார்த்தார். புள்ளியை நகத்தால் சுரண்டினார். அது ஓட்டையானது. அவர் குட்டிக் குழாயைப் பார்த்தார், பிறகு துருவியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி, கண் வைக்கும் முனைக்கு எதிரே பிடித்தார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. ம், மூடியை எடு."

துருவி மூடியை எடுத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

"அட்டை நல்லாப் பாத்துருச்சா?" என்றான் நெட்டை. "இப்போ நாங்க பாக்கலாமா?"

"சரிடா சுண்டு, வா" என்றார் மாமா. அவருடைய முகத்தில் பழைய பெருமை மெல்லத் திரும்பியது.

"இன்னும் கொஞ்ச நேரம் மாமா! கெஞ்சிக் கேக்கறேன், கொஞ்சமே கொஞ்சம்!" துருவி சுண்டுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா! எப்பப் பாரு!" அவன் திமிறினான். சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.

டிக்.

பொத்தான் விழுந்த சத்தம் இல்லை அது. தொலைநோக்கியிலிருந்து வந்தது.

கறுப்புக் கண்ணாடியின் நடுவில் ஒரு கீறல். கீறல் வழியே வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. அட்டையில் அச்சடித்த எழுத்துகள் பழுப்பாகின, அப்புறம் கறுத்தன. நூல் போலப் புகை எழும்பியது.

துருவி பாய்ந்து மூடியை மாட்டினாள்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சுண்டுவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கண்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நான் இன்னும் பாக்கவே இல்ல மாமா" என்றான் சுண்டு, அழுகிற குரலில்.

"தெரியும்டா. தெரியும்." மாமா தொலைநோக்கியைப் பார்த்தார். "போதும். இதைத் தூக்கி உள்ள வெச்சிடறேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவர் முகத்தைப் பார்க்கத் துருவிக்குத் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கினாள். அதன் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கருகிய இடம் மட்டும் ஒரு மச்சம் போலத் தெரிந்தது.

"மாமா, வெளிச்சம் இந்த அட்டையில விழுந்துதுன்னா, சூரியனோட படமும் இதுல விழுமில்ல? கொஞ்சம் தள்ளி வெச்சா பெருசா விழும். சினிமா மாதிரி. நாம யாரும் உள்ள பாக்கவே வேண்டாம்."

மாமா நிமிர்ந்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அதைப் புரியவைக்க வேறு வார்த்தை தேவைப்படவில்லை. ஆனால் உடனே தலையை ஆட்டினார். "இத்தனை வாண்டுங்க இருக்கு. யாராவது ஒண்ணு கண்ணைக் கொண்டு போய் வெச்சா?"

"வைக்க முடியாதபடி பண்ணிடுவோம்" என்றாள் துருவி. "தொலைநோக்கி வந்த பெட்டி எங்க?"

நெட்டையும் மற்றவர்களும் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கிரகணம் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். மாமா உடைந்த கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினார். குட்டிக் குழாயைத் திருகிக் கழற்றி வைத்தார். "நீ அடுத்தவனைக் கடிக்காத" என்று அதைத் திட்டினார். பெட்டியின் ஒரு முனையில் துருவி ஓட்டை போட்டாள். தொலைநோக்கியின் பின்முனை அந்த ஓட்டைக்குள் போனது. மறுமுனையில் உள்பக்கமாக அட்டையை ஒட்டினார்கள். எட்டிப் பார்க்கப் பக்கவாட்டில் நீளமான, குறுகலான ஒரு ஜன்னல். அதன் வழியாக அட்டை தெரியும். குழாயில் கண்ணை வைக்கவோ உள்ளே கையை விடவோ முடியாது. நெட்டை பெட்டியை ஒரு நாற்காலியில் ஏற்றி, அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"எடுக்கட்டுமா மாமா?"

"எடும்மா."

துருவி மூடியை எடுத்தாள். அட்டையில் ஒரு வெள்ளைக் கலங்கல் விழுந்தது. படத்தைத் தெளிவாக்கும் திருகை மாமா திருப்பத் திருப்ப அது சுருங்கி, விளிம்பு கூர்மையாகி, வட்டமானது. முழு வட்டம் இல்லை. ஓரத்தில் யாரோ நன்றாக ஒரு கடி கடித்திருந்தார்கள்.

"ஐயோ! தெரியுது! தெரியுது!"

வரிசை கலைந்தது. நான்கைந்து தலைகள் ஒரே நேரத்தில் ஜன்னலில் முட்டின.

"தள்ளுங்க, சுண்டுதான் முதல்ல" என்றார் மாமா. அவனைத் தூக்கி ஜன்னல் முன்னால் நிறுத்தினார். கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "என்ன தெரியுது? சொல்லுங்க பாப்போம்."

"கடிச்ச பிஸ்கட்டு."

மாமா அவனுடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். "இப்போ?"

"அதே பிஸ்கட்டு."

இடது கண்ணைப் பொத்தினார். "இப்போ?"

"எத்தனை தடவை கேப்பீங்க? பிஸ்கட்டுதான் மாமா!"

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு" என்றார் மாமா. துருவியின் தலையில் கையை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அட்டையில் சூரியன் மெல்ல நழுவி ஓரத்துக்குப் போனது. துருவி குழாயை லேசாகத் தள்ளி, அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தாள்.