புகையாத மூச்சு

அந்தக் குளிரில் மூச்சு விடுகிற எதுவும் புகையும். ஆடு புகையும், குதிரை புகையும், சாம்பல் கொட்ட வெளியே வரும் மருமகளின் முக்காட்டைச் சுற்றிப் புகை மண்டும். பட்டி வாசலில் நின்றிருந்த சாபித், ஏழு வயதுப் பேத்தி ஐசுலுவின் வாயிலிருந்து வெண்புகை சுருள்சுருளாக எழுவதைப் பார்த்தார். அவள் கட்டிப் பிடித்திருந்த நாயின் வாயும் திறந்துதான் இருந்தது. நாக்கு தொங்கியது. அதிலிருந்து எதுவும் எழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எழவில்லை.

முந்தைய நாள் நண்பகலில் வந்த நாய் அது. ராக்கெட்டுகள் கழற்றிவிடும் ஓடுகள் அந்தப் புல்வெளியில் விழுவது புதிதல்ல. சாபித்தின் ஆட்டுப்பட்டிக்கே அந்தத் தகடுதான் கூரை. ஆனால் நேற்று விழுந்தது சிறியது, உருண்டையானது, கவிழ்த்த கொப்பரைபோல ஒரு பக்கம் கருகியது. முதலில் போய்ச் சேர்ந்தவள் ஐசுலு. திரும்பி வரும்போது அவள் மேலங்கிக்குள் இந்த நாய் இருந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. மார்பில் தீய்ந்த வார்ப்பட்டை, அதில் ஒரு தகடு, தகட்டில் ஒரு வருடம், ராக்கெட்டில் நாய்களை ஏற்றி அனுப்பிய காலத்தது. சாபித் அதை இரண்டு தடவை படித்தார். அந்த வருடத்தில் அவருக்கே ஏழு வயது.

தகடு பொறுக்க வந்த பக்கத்துக் குளிர்கால முகாம் ஓராஸ், குதிரையிலிருந்து இறங்காமலே சிரித்தான்.

"வானத்துல இருந்து விருந்தாளி வந்திருக்குபோல, அண்ணே. எங்க படுக்க வைக்கப் போறீங்க? உங்க வீட்டு வாசல் மனுஷனுக்கே திறக்காதே."

அறுபது வருடத்துப் பேச்சு அது. ஒரு பனிப்புயலில் யாரோ ஒருவன் கதவைத் தட்டினான். சாபித்தின் அப்பா திறக்கவில்லை. புயல் ஓய்ந்ததும் அந்த ஆள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே இருந்தான். ஏழு வயதுச் சாபித் அப்பாவின் கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். திறந்த கண்கள். கண்மணிகளின் மேல் பனித்தூள் கரையாமல் கிடந்தது. அன்றிலிருந்து இது அடைத்த கதவு வீடு. பெண் கேட்டுப் போன இடங்களில்கூட அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

குளிர்காலத்தில் வாசலுக்கு வருபவர் கடவுள் அனுப்பிய விருந்தாளி. யார், எங்கிருந்து, எங்கே என்று மூன்று நாள் கேட்கக் கூடாது. நாலாம் நாள் நண்பகலில் கேட்கலாம். புல்வெளியில் எல்லோருக்கும் தெரிந்த முறை அது. நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். சாபித் ஓராஸின் காதில் விழும்படி சொன்னார்.

"என் வாசலுக்கு வந்தது எதுவா இருந்தாலும் விருந்தாளிதான். மூணு நாள் இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

தன் கையாலேயே கதவைத் திறந்து, அடுப்போரம் கம்பளம் விரித்தார். ஓராஸின் சிரிப்பு நின்றது. அதைப் பார்க்கத்தான் அவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார்.

இரண்டாம் நாள் மாலை புயல் தொடங்கியது. காவல் நாய் ஆக்தோஸ், ஓநாயைக் கண்டும் பின்வாங்காதது, கயிற்றை அறுத்துக்கொண்டு வெண்மைக்குள் ஓடியது. திரும்பவில்லை. வீட்டுக்குள் அடுப்பு இரைந்து எரிந்தது. ஆனாலும் விருந்தாளிக்கு வைத்த இறைச்சி அடுப்பருகிலேயே உறைந்து கல்லானது. பால் கிண்ணத்தில் ஏடுபோலப் பனிக்கட்டி படிந்தது. வெட்டவெளியில் இரும்பைத் தீய்த்ததுபோல ஒரு வாடை கம்பளத்திலிருந்து எழுந்து தேநீரில், ரொட்டியில், தலையணையில் எல்லாம் ஏறிக்கொண்டது. புயலின் ஊளை சற்றுத் தணியும்போதெல்லாம் நாயின் மார்பிலிருந்து கடிகாரம்போலச் சிறிய, நிதானமான ஒரு தட்டல் கேட்டது. ஐசுலு அதைக் கட்டிக்கொண்டே தூங்கினாள். நாயின் மூக்கு அவள் வாயருகே இருந்தது.

"இதுக்கு ரொம்ப நாளாக் குளிருது, தாத்தா," என்றாள் மறுநாள் காலையில். "நான் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கறேன்."

எதை என்று கேட்க வாயெடுத்தார். விருந்தாளியைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

அன்று மாலை மருமகள் குல்ஷாரா அவர் முன்னால் வந்து நின்றாள். கணவன் நகரத்து வேலையில் இருந்தான். அவளுக்குச் சொல்ல வேறு ஆளில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், இப்போது பார்த்தாள்.

"மாமா, பிள்ளை கை பனிக்கட்டியா இருக்கு. சாப்பிட மாட்டேங்குறா. அதை வெளிய விட்டுடுங்க. நான் செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாபித் பேத்தியின் கையைத் தொட்டார். தொட்ட விரல் மரத்துப்போனது. ஆனாலும் தலையசைத்து மறுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும். புயல்ல விருந்தாளியை விரட்டின வீடுங்கிற பேரு இன்னொரு தடவை வேண்டாம்."

குல்ஷாரா தன் கம்பளியையும் கழற்றி மகள் மேல் போர்த்தினாள்.

விடியும்வரை சாபித் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். விருந்தாளியைச் சுடலாமா. பேத்தியைப் பார்த்தார். துப்பாக்கியைத் தூக்கி, மறுபடி மடியில் வைத்தார். தட்டல் மெலிந்துகொண்டே வந்தது. அது சாகட்டும் என்று வேண்டிக்கொண்டார். தானாகவே சாகட்டும். யார்மேலும் பழி இல்லாமல்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் தட்டல் நின்றது.

காற்றும் நின்றது.

அவர் கண்ணைத் திறந்தார். உட்கார்ந்தபடியே அசந்திருக்கிறார். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. குல்ஷாரா சுவரோரம் தூங்கிக் கிடந்தாள். கம்பளத்தின் மேல் நாய் எழுந்து நின்று உடம்பைச் சிலிர்த்தது. கொட்டாவி விட்டது.

அதன் வாயிலிருந்து புகை எழுந்தது.

வெண்மையான, கனமான, வெதுவெதுப்பான புகை. அவர் கையை நீட்டினார். கை சூடானது. சாதாரண நாய்தான். மூச்சு விடுகிற நாய். மூன்று நாளும் முடிந்தது, முறையும் தவறவில்லை, பிள்ளையும் பிழைத்தாள். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். சிரிப்புக்கூட வந்தது.

புகை அவர் முகத்தில் பட்டது. பால் வாசம். ஐசுலுவைத் தூக்கிக் கொஞ்சும்போது வருகிற வாசம்.

சிரிப்பு நின்றது.

"தாத்தா."

வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் தொப்பி இல்லை. காலில் செருப்பில்லை. முதுகு நேராக, கைகள் முழங்கால்மேல்.

"மூணு நாள் ஆச்சு, தாத்தா. இப்பக் கேக்கலாம்."

அவர் அவள் முன்னால் போய் நின்றார். தன் மூச்சு புகைவதைப் பார்த்தார். பின்னால் நாயின் மூச்சு புகைவதைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார்.

அறுபது வருடம் காத்த முறை. நாக்கு தானாகவே அசைந்தது.

"எங்க போறே, கண்ணு?"

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிப் பனித்தூள்கள் மெதுவாக இறங்கின. திறந்திருந்த கண்மணிகளின் மேல் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன.

கரையவில்லை.

அவள் மார்புக்குள் தட்டல் தொடங்கியது.