ஆளைப் பார்க்காமல் பதில் தட்டாதே

படகின் அடியில் யாரோ தட்டினார்கள். லதா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காது கொடுத்தாள். அவள் பாதத்துக்கு நேர் கீழே, விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எத்தனை தட்டு என்று எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.

"இன்னா சத்தம் அது?"

"கட்டை எதுனா இருக்கும்," என்றான் அவள் புருஷன் நாகேஷ், பின் இருக்கையிலிருந்து. "ஏரி நெறஞ்சதுல மரமெல்லாம் முழுகிக் கெடக்குது. நீ துடுப்பப் போடு."

எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். லதா பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைத் தண்ணீரில் இறக்கினாள்.

படகு நாகேஷின் பெங்களூர் ஆபீஸ் சிநேகிதன் கிரணுடையது. கேனோ என்று பெயராம். லதாவின் கண்ணுக்கு அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியை இழுத்து நீட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்தது போலத்தான் இருந்தது. முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை, நடுவில் ஆளோ சாமானோ இல்லாத வெற்றிடம். "ஒரு வருஷமா வீட்டுலயே அடைஞ்சு கெடக்குற, ஞாயித்துக்கெழம சும்மா ஒரு சுத்து போய் வரலாம் வா," என்று கூப்பிட்டிருந்தான். அதுவும் பேத்தமங்களா ஏரிக்கு.

போன மழைக்காலத்தில் அவள் தம்பி சிவகுமார் லாரி ட்யூபில் மிதந்து மீன் பிடிக்கப் போனது இந்த ஏரியில்தான். ட்யூப் கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் தேடிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊரான ஆண்டர்சன்பேட்டையே அவனைச் செத்தவன் கணக்கில் எழுதிவிட்டது. கடைசியில் அம்மா பார்வதம்மாவும் எழுதிவிட்டாள். லதா மட்டும்தான், "பொணத்தக் காட்டுங்க, அப்புறம் அழறேன்," என்று எல்லோர் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நாகேஷ் கூப்பிட்டதும், தேடத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிட்டாள். அந்த மடத்தனத்துக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம்.

ஏரி குறுகிப் பாலாறாக மாறுகிற இடத்துக்குள் படகு நுழைந்தது. ஆறு என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சாது. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சம்புப் புல், அதற்கு அப்பால் ராகிக் கொல்லைகளின் மங்கிய பச்சை, எங்கோ ஒரு பம்பு செட் விட்டுவிட்டு இருமுகிற சத்தம், அழுகிய இலையும் சாணியும் கலந்த வாசனை, துடுப்பிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளியும் தண்ணீரில் விழுந்து வட்டம் போட்டு அந்த வட்டம் சம்புக்குள் போய்ச் சலசலக்கிற வரைக்கும் கேட்கிற அமைதி. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூழ்கிய வேலமரங்களின் உச்சிக் கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து நின்றன. அழகாகத்தான் இருந்தது. காணாமல் போனது தன் தம்பியாக இருந்தால் நாகேஷ் இந்த அழகைப் பார்க்க வருவானா?

தண்ணீர் பாட்டிலுக்காக இருக்கைக்குக் கீழே கைவிட்டபோது துணிப்பை ஒன்று தட்டுப்பட்டது. திறந்தாள். சிவாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை, துவைத்து மடித்து. மஞ்சள். எள்ளுப் பொட்டலம். ஒரு பால் பாக்கெட்.

"இன்னா இது?"

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது.

"இன்னா இதுன்னு கேக்கறேன்!"

"அத்தைதான் குடுத்தாங்க," என்றான் மெதுவாக. "நீ ஒன் கையால பால ஊத்தி, சட்டைய தண்ணியில உட்டாதான் அவனுக்கு வழி கெடைக்குமாம். சொன்னா வரமாட்டேன்னு..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் இவனும் சேர்ந்து. அவளை ஏமாற்றித் தண்ணீருக்கு நடுவில் கொண்டுவந்து, அவள் கையாலேயே தம்பியைச் சாகடிக்க.   லதா பால் பாக்கெட்டைத் தூக்கிச் சம்புக்குள் எறிந்தாள். சட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அவன் செத்துட்டான்னு யாருய்யா ஒனக்குச் சொன்னது? நீ பாத்தியா?"

கோபம் தலைக்கேறினால்தான் அவனை நீ என்பாள். 

அப்போது மறுபடியும் தட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

லதா திட்டுவதை நிறுத்திவிட்டு எண்ணினாள். அவள் அப்பா தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். கீழே ஆழத்து லெவலிலிருந்து மூன்று மணி வந்தால், ஏறுவதற்கு ஆள் காத்திருக்கிறது. பதிலுக்கு மூன்று கொடுத்தால், இடம் இருக்கிறது, ஏறு. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். அவர்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கதவைத் தட்டியதில்லை. வெளியே மூன்று, உள்ளே மூன்று, பிறகுதான் தாழ்ப்பாள். ஆனால் ஜன்னலில் முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் தட்ட வேண்டும். அதில் தப்பினால் அப்பா பிள்ளைகளின் தோலை உரித்துவிடுவார். "ஆளப் பாக்காம பதில் தட்டாத. தண்ணி பூந்து ஆளோட மூடின லெவல்லயும் தட்டுவாங்க. தட்டிட்டா ஏறிக்குவாங்க." ஏறினால் என்ன ஆகும் என்று சிவா ஒருமுறை கேட்டான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

மூன்று. அதே இடம். அதே பொறுமை.

"கேட்டுதா?" என்றாள் லதா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "மூணு தட்டறது யாரு? எங்க வீட்டுல தட்டறவன் யாரு? வழி கெடைக்கலயாம் அவனுக்கு! இதோ நான் குடுக்கறேன் வழி!"

பயம் இருந்தது. இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. முஷ்டியை மடக்கி, படகின் தரையில் ஓங்கி மூன்று முறை அடித்தாள்.

படகு இறங்கியது.

ஆடவில்லை, சாயவில்லை. நன்றாகத் தெரிந்த ஒருவர் காலைப் பதமாக எடுத்துவைத்து ஏறி, நடுவில் உட்கார்ந்த மாதிரி, நிதானமாக இறங்கியது. ஒரு சாண் கீழே இருந்த தண்ணீர் படகு விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"ஏன்டி குதிக்கிற?" என்றான் நாகேஷ்.

"நான் அசையவே இல்ல."

மூன்று தட்டு. இந்த முறை வலது பக்கம்.

"சும்மா பயமுறுத்தாத. கட்டைதான்டி, இந்தா பாரு..."

"வேணாங்க, தட்டாதீங்க!"

அவன் சுரங்கமே இல்லாத பூதிகோட்டைக்காரன். ராகி தெரியும், ஆபீஸ் தெரியும், ஷாஃப்ட்டைப் பற்றி என்ன தெரியும்? துடுப்புக் கட்டையால் படகின் பக்கத்தில் மூன்று போடு போட்டான்.

படகு மறுபடியும் இறங்கியது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல்தான் மிச்சம்.

வாசனை அப்போதுதான் வந்தது. ஆற்று வாசனை இல்லை. ஊறிய காக்கித் துணி, துருப்பிடித்த இரும்பு, வெடிமருந்துப் புகை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவின் சட்டையில் அடிக்கிற அதே நாற்றம், பல வருடம் தண்ணீரில் கிடந்து புளித்துப்போய், அவள் முதுகுக்குப் பின்னால், மிகவும் பக்கத்தில் இருந்தது.

இது சிவா இல்லை. சிவா ஒரு நாளும் சுரங்கத்தில் இறங்கினவன் இல்லை. ஏறியிருப்பது அப்பா சொன்ன மூடின லெவல்காரர்கள்.

"திருப்புங்க," என்றாள். "கரைக்குத் திருப்புங்க."

  நாகேஷின் துடுப்பு தண்ணீரில் விழுந்தது. கனமாக, அவசரமாக, தாளம் தப்பி. லதா திரும்பிப் பார்த்தாள். நடுவில் யாரும் இல்லை. ஆனால் காய்ந்திருந்த படகுத் தரையில் எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குட்டை. நாகேஷ் அந்தக் குட்டைகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு மேலே, உட்கார்ந்த ஆளின் முகம் இருக்கிற உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு கோணியிருந்தது.

லதா துடுப்புப் போட்டாள். படகு நகர மறுத்தது. நெல் மூட்டை ஏற்றிய வண்டியைச் சேற்றில் இழுப்பது போல. கீழே தட்டினார்கள். இடப் பக்கம். வலப் பக்கம். மூக்கில். வாலில். மூன்று, மூன்று, மூன்று. எத்தனை பேர்? பதில் தட்டாதே. பல்லைக் கடி. துடுப்பைப் போடு. பதில் தட்டாதே.

சம்பு முடிந்தது. ஏரி விரிந்தது. கரை தெரிந்தது.

தட்டல் நின்றது.

பம்பு செட்டும் நின்றிருந்தது. நீர்க்காகங்களைக் காணோம்.

விளிம்பில் ஒரு கை வந்து பிடித்தது.

வெளுத்து ஊறிய கை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்டு உடைந்த விரல். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவளே அவள்தான்.

"சிவா!"

இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் கட்டியாக இருந்தது. ஆனால் அது திரும்பிப் பிடித்தது. அவன் பிடிதான். படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே ஊற்றியது. "உடு லதா, முழுகிடுவோம்!" என்று நாகேஷ் அலறினான்.

"உடமாட்டேன்! ஏறுடா! ஏறு!"

அவன் ஏறவில்லை. எப்படி ஏறுவான்? அவனுக்கு யாரும் பதில் தட்டவில்லையே. அவனுக்கென்று தட்டியதை வேறு யாரோ வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது தட்டலாம். தட்ட ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் நழுவிவிடுவான்.

"எழுந்து போங்கடா!" என்று நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கத்தினாள். "அது என் தம்பி எடம்! எறங்குங்கடா!"

யாரும் இறங்கவில்லை. படகுதான் நிமிர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் மறுபக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு கைகள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத, ஈரமான, காய்த்துப்போன கைகள். அவள் விரல்களுக்கு மேல் விரல் வைத்தன. அடிக்கவில்லை, முறுக்கவில்லை. வேலை தெரிந்தவர்களின் நிதானத்தோடு அவள் கட்டைவிரலைத் தூக்கின. பிறகு ஆள்காட்டி விரலை. லதா கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். குனிந்து அந்தக் கைகளைக் கடித்தாள். வாயில் துருச் சுவை. அடுத்த விரல். அடுத்தது. கடைசி விரல்.

படகு கரையைப் பார்த்து நகர்ந்தது. நாகேஷ் துடுப்பைத் தொடவில்லை. லதாவின் இரண்டு கையையும் அவள் மடியில், அந்த நீலச் சட்டையின் மேல் வைத்து, யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

பின்னால் அந்தக் கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. மூழ்கவில்லை. விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டது. தட்டுவதற்குப் பலகை இல்லாமல், வெறும் காற்றில், ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிவிட்டு, அசையாமல் காத்திருந்தது.